இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியில் கியர் மாற்றத் தாமதம்

இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியில் கியர் மாற்றத் தாமதம் என்பது, இரண்டு கிளட்ச்சுகளைக் கொண்டு தானாக இயங்கும் தானுந்துக் கியர்ப்பெட்டி ஒன்று, கட்டளை பிறந்த பின்னும் உரிய நேரத்தில் கியரை மாற்றாமல் பிந்துவதைக் குறிக்கும். இவ்வகைக் கியர்ப்பெட்டியின் முதன்மையான சிறப்பே விரைவான கியர் மாற்றம் என்பதால், இதில் தோன்றும் தாமதம் பெரும்பாலும் ஒரு பழுதின் அறிகுறியாகக் கருதப்படுகிறது. எனினும் எல்லாத் தாமதமும் பழுதன்று. சில தாமதங்கள் வடிவமைப்பிலேயே உள்ளவை.

இப்பழுதைச் சரியாக இனங்காண்பது இரு காரணங்களால் இன்றியமையாதது. முதலாவது பாதுகாப்பு. கிளைச்சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் நுழையும்போதோ, முன்செல்லும் வண்டியை முந்தும்போதோ, ஒரு நொடி இழுவிசை இல்லாது போனாலும் விபத்து நேரலாம். இரண்டாவது செலவு. கட்டுப்பாட்டுக் கணினியும் எண்ணெய் வால்வுகளும் ஒன்றாக அமைந்த மெக்கட்ரானிக் அலகு, கியர்ப்பெட்டியின் விலை மிகுந்த உறுப்புகளுள் ஒன்று. எண்ணெய்க் குறைவோ மின்கலத் தளர்ச்சியோ காரணமாக இருக்கையில், அந்த அலகை மாற்றுவது வீண் செலவாவதுடன் பழுதையும் நீக்காது.

வரலாறு

இரட்டைக் கிளட்ச் என்னும் கருத்தை 1939இல் பிரான்சு நாட்டுப் பொறியாளர் அடோல்ஃப் கெக்ரெசு முன்வைத்தார். பின்புறம் சங்கிலிப் பட்டையால் இயங்கும் அரைச்சங்கிலி ஊர்திகளை உருவாக்கியவரும் இவரே. சித்ரோவன் டிராக்சன் அவான் தானுந்தில் இதனைப் பொருத்தும் திட்டம் நிறைவேறவில்லை. கெக்ரெசு 1943இல் காலமானார்.

1980களில் போர்ஷே நிறுவனம் தனது 956, 962 பந்தயத் தானுந்துகளில் இம்முறையைச் சோதித்தது. 1986இல் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் இக்கியர்ப்பெட்டி பொருத்தப்பட்ட 962 வெற்றி பெற்றது. பொதுமக்களுக்கு விற்கப்படும் தானுந்தில் 2003ஆம் ஆண்டு வோக்சுவாகன் கோல்ஃப் ஆர்32 மூலம் இது பரவலாக அறிமுகமானது. ஆறு கியர்களும் ஈரக் கிளட்ச்சுகளும் கொண்ட அக்கியர்ப்பெட்டி டிகியூ250 என அழைக்கப்பட்டது. 2008இல் ஏழு கியர்களும் உலர் கிளட்ச்சுகளும் கொண்ட டிகியூ200 வெளிவந்தது. பின்னர் ஃபோர்டு, ஹூண்டாய் முதலிய நிறுவனங்களும் உலர் கிளட்ச் வகைகளைப் பயன்படுத்தின. சென்னைக்கு அருகில் தயாரிக்கப்பட்டு 2019இல் வெளிவந்த ஹூண்டாய் வென்யூவின் ஒரு வகையிலும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் அமைப்பு இடம்பெற்றது.

அமைப்பும் இயங்கும் முறையும்

இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியை, ஒரே உறைக்குள் அமைந்த இரண்டு கைமுறைக் கியர்ப்பெட்டிகள் எனக் கொள்ளலாம். ஒன்றன் உள்ளே ஒன்றாக இரண்டு உள்ளீட்டுத் தண்டுகள் உள்ளன. ஒரு தண்டு 1, 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படைக் கியர்களையும், மற்றது 2, 4, 6 ஆகிய இரட்டைப்படைக் கியர்களையும் தாங்குகிறது. ஒவ்வொரு தண்டுக்கும் தனிக் கிளட்ச் உண்டு. இக்கட்டுரையில் ஒற்றைப்படைக் கியர்களுக்கான கிளட்ச் 'முதற் கிளட்ச்' எனவும், மற்றது 'இரண்டாம் கிளட்ச்' எனவும் குறிப்பிடப்படுகின்றன. பின்செல்லும் கியர் எத்தண்டில் அமையும் என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். டிகியூ250இல் அது முதற் கிளட்ச்சாலும், டிகியூ200இல் இரண்டாம் கிளட்ச்சாலும் இயக்கப்படுகிறது.

தானுந்து இரண்டாம் கியரில் விரைவு கூட்டும்போது, மூன்றாம் கியர் மற்றத் தண்டில் முன்கூட்டியே பொருத்தப்பட்டுக் காத்திருக்கும். மாற்றக் கட்டளை வந்ததும் இரண்டாம் கிளட்ச் விடுபட, அதே வேளையில் முதற் கிளட்ச் பற்றிக்கொள்கிறது. பற்சக்கரங்கள் முன்பே இணைந்திருப்பதால் இழுவிசை அறுபடுவதில்லை. இது முன்தேர்வு எனப்படும்.

ஒரு கியர் மாற்றம் பின்வரும் நான்கு கட்டங்களைக் கொண்டது. தாமதத்தை ஆராய்வதற்கு இப்பகுப்பே அடிப்படையாகும்.

1. கட்டளை: வேகம், முடுக்கி மிதியின் நிலை, பிரேக்கு நிலை ஆகியவற்றைக் கொண்டு கணினி முடிவெடுத்தல்.
2. கவை நகர்தல்: தேவையான கியரை அதன் கவை நகர்ந்து பொருத்துதல். முன்தேர்வு சரியாக அமைந்தால் இக்கட்டம் ஏற்கெனவே முடிந்திருக்கும்.
3. கிளட்ச் தொடுபுள்ளியை அடைதல்: கிளட்ச் பற்றத் தொடங்கும் நிலைவரை எண்ணெய் அழுத்தத்தாலோ மின்னோடியாலோ நகர்த்தப்படுதல்.
4. முறுக்குவிசை கைமாறுதல்: ஒரு கிளட்ச் விட்டுக்கொடுக்க, மற்றது சுமையை ஏற்றல். இவ்வேளையில் உந்துபொறியும் தன் முறுக்குவிசையைச் சற்றுக் குறைத்து ஒத்துழைக்கிறது.

ஈரக் கிளட்ச்சில் தட்டுகள் எண்ணெயில் மூழ்கி வெப்பத்தை இழக்கின்றன. ஆகவே மிகுந்த முறுக்குவிசையைத் தாங்கும். டிகியூ250 350 நியூட்டன் மீட்டர் வரை தாங்குமாறு அமைக்கப்பட்டது. உலர் கிளட்ச்சில் எண்ணெயைச் சுழற்றும் இழப்பு குறைவு. ஆனால் வெப்பம் காற்றின் வழியே மட்டும் வெளியேற வேண்டும். டிகியூ200இன் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். இவ்வேறுபாடு பழுதுகளின் தன்மையையும் வேறுபடுத்துகிறது.

இயல்பான தாமதங்கள்

பழுது தேடும் முன், தாமதம் இயல்பானதா என அறிய வேண்டும். பின்வருவன பழுதல்ல.

- தவறிய முன்தேர்வு: தானுந்து விரைவு கூடும் என எதிர்பார்த்துக் கணினி உயர் கியரை முன்தேர்வு செய்திருக்கையில், ஓட்டுநர் திடீரெனக் கீழ்க் கியர் கோரினால், பொருத்திய கியரை விடுவித்து வேறொன்றைப் பொருத்த வேண்டியிருக்கும்.
- ஒரே தண்டிலுள்ள கியர்களுக்கிடையே மாற்றம்: ஆறாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு வருவதாயின், இரண்டும் ஒரே தண்டில் இருப்பதால் முன்தேர்வு இயலாது.
- சுழலூட்டித் தாமதம்: டர்போ எனப்படும் சுழலூட்டி அழுத்தம் பெறும்வரை உந்துபொறியே விசையளிக்கப் பிந்தும்.
- தானாக நின்று இயங்கும் வசதி: நிறுத்தத்தில் அணைந்த உந்துபொறி மீண்டும் இயங்கிய பின்னரே கிளட்ச் பற்றும். மேட்டில் பிரேக்கைப் பிடித்து வைக்கும் வசதியும் இதையொத்த உணர்வைத் தரும்.

கியர்ப்பெட்டியையும் உந்துபொறியையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கைமுறை நிலையில் ஒரே கியரில் தானுந்தைச் செலுத்தி, முடுக்கியை அழுத்த வேண்டும். கியர் மாறாத நிலையிலும் தாமதம் இருந்து, சுழற்சியும் வேகமும் ஒன்றாகவே மெல்ல உயருமாயின், குறை உந்துபொறியின் பக்கம் உள்ளது. சுழற்சி மட்டும் உயர்ந்து வேகம் உயராவிடின் கிளட்ச் வழுக்குகிறது.

பழுதினால் ஏற்படும் தாமதத்தின் காரணங்கள்

எண்ணெய்

ஈரக் கிளட்ச் வகையில் எண்ணெயே மசகாகவும், குளிர்விப்பானாகவும், அழுத்தத்தைக் கடத்தும் ஊடகமாகவும் பணியாற்றுகிறது. அளவு குறைந்தாலோ வடிகட்டி அடைபட்டாலோ கிளட்ச்சை நிரப்பும் நேரம் நீளும். டிகியூ250க்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றப்பட வேண்டும்.

டிகியூ200இல் எண்ணெய் இரு தனிப் பகுதிகளாக உள்ளது. பற்சக்கரங்களுக்குச் சுமார் 1.7 லிட்டரும், மெக்கட்ரானிக் அலகுக்குச் சுமார் 1 லிட்டரும் தேவை. ஒன்று மற்றொன்றுடன் கலப்பதில்லை. எனவே ஒன்றைச் சோதித்து மற்றதும் சரியென முடிவு செய்தல் கூடாது.

அழுத்த அமைப்பு

டிகியூ200இல் மின்னோடியால் இயங்கும் எக்கி எண்ணெயை ஓர் அழுத்தத் திரட்டியில் சேமிக்கிறது. இதன் அழுத்தம் சுமார் 40 முதல் 60 பார் வரை இருக்கும். திரட்டி வலுவிழந்தாலோ அதனைத் தாங்கும் உறையில் வெடிப்பு ஏற்பட்டாலோ அழுத்தம் நிலைக்காது. அப்போது எக்கி அடிக்கடி இயங்கும். இறுதியில் கணினி எக்கியைக் காக்க அதனை நிறுத்திவிடக்கூடும். மின்காந்த வால்வுகளில் உலோகத் துகள் சிக்குவதும் தாமதத்தை உண்டாக்கும்.

கிளட்ச்

தட்டு தேயும்போது தொடுபுள்ளி இடம் மாறுகிறது. கணினி அதனைக் கற்றுக்கொண்டு சரிசெய்கிறது. கற்ற மதிப்பு தகவமைப்பு மதிப்பு எனப்படும். தேய்மானம் வரம்பை மீறினாலோ, மதிப்பு தவறாகப் பதிவானாலோ, கிளட்ச் பற்றப் பிந்தும். நெரிசலில் ஊர்ந்து செல்வதும், மேட்டில் பிரேக்கை விடுத்து முடுக்கியால் தானுந்தை நிறுத்தி வைப்பதும் உலர் கிளட்ச்சைச் சூடாக்கி, அதன் பரப்பைப் பளபளப்பாக்கிவிடும். தண்டின் எண்ணெய்த் தடுப்பு வளையம் கசிந்து உலர் தட்டில் எண்ணெய் படிந்தாலும் அதிர்வும் வழுக்கலும் தோன்றும்.

கவையும் ஒத்தியக்கு வளையமும்

கவை நகர்வதில் தடை இருந்தாலோ, ஒத்தியக்கு வளையம் தேய்ந்தாலோ, கணினி ஒரே கியரைப் பலமுறை பொருத்த முயலும். அம்முயற்சிகளின் நேரமே தாமதமாக உணரப்படுகிறது. இது குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் தோன்றுவது இதன் அடையாளம்.

மின் அமைப்பும் மென்பொருளும்

எக்கியும் வால்வுகளும் கணினியும் மின்சாரத்தால் இயங்குவதால், மின்னழுத்தம் தாழ்ந்தால் அனைத்தும் மந்தமாகும். தளர்ந்த தரையிணைப்பு, ஈரம் புகுந்த இணைப்பான், குறையுள்ள சுழற்சி உணரி ஆகியனவும் காரணமாகலாம். பிரேக்கு மிதியின் உணரி பிழையாக இயங்கினால், பிரேக்கு அழுத்தப்பட்டுள்ளதாகக் கருதிக் கணினி கிளட்ச்சை விடுத்தே வைத்திருக்கும். ஓட்டுநருக்கு இது கியர்ப்பெட்டிப் பழுதாகவே தோன்றும்.

இனங்காணும் முறை

எளியதும் செலவற்றதுமான சோதனையிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்வதே முறையாகும்.

1. முறையீட்டைத் தெளிவாக்குதல். தாமதம் குளிர்ந்த நிலையிலா, சூடான நிலையிலா. புறப்படும்போதா, மேல் மாற்றத்திலா, கீழ் மாற்றத்திலா. எந்தெந்தக் கியர்களுக்கிடையே என்பன பதிவு செய்யப்பட வேண்டும். அண்மையில் மின்கலம், எண்ணெய், கிளட்ச் ஆகியன மாற்றப்பட்டனவா என்பதும் கேட்டறியப்பட வேண்டும்.

2. பழுதுக் குறியீடுகளைப் படித்தல். கியர்ப்பெட்டியின் கணினி மட்டுமன்றி உந்துபொறி, பிரேக்கு ஆகியவற்றின் கணினிகளும் படிக்கப்பட வேண்டும். குறியீட்டுடன் சேமிக்கப்பட்ட வேகம், வெப்பநிலை முதலிய விவரங்களைக் குறித்துக்கொள்ளும் முன் குறியீடுகளை அழித்தல் கூடாது. அவை அழிந்தால் சான்றும் அழியும். குறியீடு இல்லாமை பழுதின்மைக்குச் சான்றாகாது. தொடக்க நிலைத் தாமதங்கள் பல குறியீடு எதையும் பதிவதில்லை.

3. மின்னழுத்தம். ஓய்வு நிலையில் நிறைவாக மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட்டு மின்கலம் சுமார் 12.6 வோல்ட்டு காட்டும். உந்துபொறியை இயக்கும் கணத்தில் மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

4. எண்ணெய் அளவும் நிலையும். டிகியூ250இல் எண்ணெய் 35 முதல் 45 பாகை செல்சியசு வரை இருக்கும்போது, உந்துபொறி இயங்கும் நிலையில், வழிந்தோடும் குழாய் மூலம் அளவு பார்க்கப்படுகிறது. எண்ணெய் இதைவிடச் சூடாக இருந்தால் விரிவடைந்து மிகுதியாக வழிந்துவிடும். குளிர்ந்த பின் அளவு குறைந்திருக்கும். எண்ணெய் மாற்றிய பிறகு தோன்றும் தாமதங்களில் இது கவனிக்கத்தக்கது. கருகிய மணமும் உலோகத் துகள்களும் கிளட்ச் அல்லது பற்சக்கரத் தேய்மானத்தைக் காட்டும்.

5. நிகழ்நேரத் தரவு. ஸ்கேனர் கருவியை இணைத்துத் தானுந்தை ஓட்டி, உந்துபொறிச் சுழற்சி, இரு உள்ளீட்டுத் தண்டுகளின் சுழற்சி, கிளட்ச் அழுத்தம் அல்லது நகர்வு, கவைகளின் இடம், எண்ணெய் வெப்பநிலை ஆகியன பதிவு செய்யப்படுகின்றன. ஓட்டுபவர் திரையைப் பார்த்தல் கூடாது. தரவைக் கவனிக்க இரண்டாமவர் தேவை, அல்லது பதிவு செய்து பின்னர் பார்க்க வேண்டும்.

6. ஒற்றை, இரட்டை ஒப்பீடு. தாமதம் 1, 3, 5, 7ஆம் கியர்களுக்கு மாறும்போது மட்டும் தோன்றினால் முதற் கிளட்ச்சும் அதன் வால்வும் ஐயத்திற்குரியன. 2, 4, 6 எனில் இரண்டாம் கிளட்ச். எல்லாக் கியர்களிலும் எனில் எண்ணெய், எக்கி, மின்சாரம் போன்ற பொதுவானவை. ஒரே கியரில் மட்டும் எனில் கவையும் ஒத்தியக்கு வளையமும். பின்செல்லும் கியர் எக்கிளட்ச்சைச் சேர்ந்தது என்பது தெரிந்தால் அதுவும் ஒரு சான்றாகும்.

7. தகவமைப்பு மதிப்புகளைப் பார்த்தல். தொடுபுள்ளி மதிப்பு வரம்பின் விளிம்பை நெருங்கியிருந்தால் தட்டு தேய்ந்துள்ளது. வரம்பின் நடுவே இருந்தும் தாமதம் நீடித்தால், உற்பத்தியாளர் கூறும் முறைப்படி மறுதகவமைப்பு செய்து பார்க்கலாம்.

8. இறுதியாகவே கியர்ப்பெட்டியைக் கழற்றுதல்.

ஓர் எடுத்துக்காட்டு

ஏழு கியர் உலர் கிளட்ச் தானுந்து ஒன்றில், நகர நெரிசலில் சிறிது நேரம் சென்ற பின், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது உந்துபொறி இரைந்து பின்னர் உதறலுடன் கியர் விழுகிறது எனக் கொள்வோம். பதிவான தரவு பின்வருமாறு:

- 0.00 நொடி: மாற்றக் கட்டளை. உந்துபொறியும் இரட்டைப்படைத் தண்டும் நிமிடத்திற்கு 2,000 சுற்றுகள். ஒற்றைப்படைத் தண்டு 1,350 சுற்றுகள்.
- 0.10 நொடி: இரண்டாம் கிளட்ச் விடுபடத் தொடங்குகிறது.
- 0.10 முதல் 0.60 நொடி வரை: உந்துபொறி 2,400 சுற்றுகளுக்கு உயர்கிறது, ஒற்றைப்படைத் தண்டின் சுழற்சி கூடவில்லை.
- 0.60 நொடிக்குப் பின்: உந்துபொறிச் சுழற்சி விரைந்து இறங்கி 1,350ஐ அடைகிறது.

கட்டளை பிறந்தபோதே ஒற்றைப்படைத் தண்டு மூன்றாம் கியருக்கு உரிய 1,350 சுற்றுகளில் இருந்தது. எனவே மூன்றாம் கியர் முன்பே பொருத்தப்பட்டுவிட்டது. கவையும் ஒத்தியக்கு வளையமும் குற்றமற்றவை. இரண்டாம் கிளட்ச் உரிய நேரத்தில் விடுபட்டது. ஆனால் முதற் கிளட்ச் அரை நொடி பிந்தியே பற்றியது. இடைப்பட்ட வேளையில் உந்துபொறியைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் அது இரைந்தது. உச்ச நிலையில் வழுக்கல் 2,400 - 1,350 = 1,050 சுற்றுகள்.

நான்கிலிருந்து ஐந்துக்கு மாறும்போதும் இதே குறை தோன்றுகிறது. மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது இல்லை. ஆகவே எக்கி, திரட்டி, மின்சாரம் ஆகிய பொதுவான காரணங்கள் விலகுகின்றன. எஞ்சுவது முதற் கிளட்ச்சும் அதனை இயக்கும் வால்வுமே. அடுத்த வினா, கிளட்ச் நகரவில்லையா, அல்லது நகர்ந்தும் பற்றவில்லையா என்பது. நகர்வு உணரி கட்டளையைப் பின்பற்றாவிடின் வால்வு அல்லது இயக்குமுனை பழுது. பின்பற்றியும் பற்றாவிடின் தொடுபுள்ளி மாறியுள்ளது அல்லது தட்டு தேய்ந்துள்ளது. அதனைத் தகவமைப்பு மதிப்பு தெளிவாக்கும். இவ்வாறு கியர்ப்பெட்டியைக் கழற்றாமலேயே ஐயம் ஓரிரு உறுப்புகளுக்குள் சுருங்கிவிடுகிறது.

பொதுவான பிழைகள்

- குறியீட்டை அழித்தலையே பழுது நீக்கம் எனக் கருதுதல். காரணம் நீங்காவிடின் குறியீடு மீளும்.
- தேய்ந்த கிளட்ச்சுக்கு மீண்டும் மீண்டும் மறுதகவமைப்பு செய்தல். இது சில நாட்களுக்கு நலம் தருவதுபோல் தோன்றினும் தேய்மானத்தை மாற்றாது.
- மரபுவழித் தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கான எண்ணெயை ஈரக் கிளட்ச் கியர்ப்பெட்டியில் ஊற்றுதல். உராய்வுப் பண்பு வேறுபடுவதால் வழுக்கலோ உதறலோ ஏற்படும்.
- பல உறுப்புகளை ஒரே நேரத்தில் மாற்றுதல். பழுது நீங்கினாலும் காரணம் எதுவெனத் தெரியாது.

திரும்ப அழைப்புகளும் சட்ட நடவடிக்கைகளும்

2013 மார்ச்சில் வோக்சுவாகன் சீனாவில் இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டிப் பழுது தொடர்பாக 3,84,181 தானுந்துகளைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில், உலக அளவில் சுமார் 16 இலட்சம் தானுந்துகளின் ஏழு கியர் பெட்டியில் செயற்கை எண்ணெயை நீக்கிக் கனிம எண்ணெய் நிரப்பப்படும் என அறிவித்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் செயற்கை எண்ணெய் மின்பகுதியில் பழுதை உண்டாக்கக்கூடும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. தாமதம் ஓட்டுநர் குறையோ பராமரிப்புக் குறையோ இன்றியும் நேரலாம் என்பதற்கு இது சான்றாகும்.

ஃபோர்டின் பவர்சிஃப்ட் எனப்படும் உலர் கிளட்ச் கியர்ப்பெட்டி பற்றிய முறையீடுகளை அந்நிறுவனத்தின் ஆத்திரேலியக் கிளை கையாண்ட விதத்திற்காக, 2018இல் ஆத்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆத்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. இத்தகைய அறிவிப்புகள் இருப்பதால், செலவு செய்யும் முன் தானுந்தின் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா எனச் சரிபார்த்தல் நன்று.

தடுப்பும் பாதுகாப்பும்

நெரிசலில் முன்னால் சற்று இடைவெளி விட்டு, ஊர்ந்து செல்லாமல் நின்று பின் செல்வதும், மேட்டில் பிரேக்கைப் பயன்படுத்துவதும் உலர் கிளட்ச்சின் ஆயுளை நீட்டிக்கும். நீண்ட நேரம் நிற்கும்போது நடுநிலைக்கு மாற்றுவது பல மாதிரிகளில் தேவையற்றது. பிரேக்கு அழுத்தப்பட்டவுடன் அவற்றின் கணினி கிளட்ச்சைத் தானே விடுவிக்கிறது.

அழுத்தத் திரட்டியில் உந்துபொறி அணைந்த பின்னும் அழுத்தம் எஞ்சியிருக்கலாம். உரிய முறையில் அழுத்தத்தை வெளியேற்றாமல் மெக்கட்ரானிக் அலகைக் கழற்றுதல் தீங்கு விளைவிக்கும். உந்துபொறி இயங்கும் நிலையில் சோதிக்கும்போது தானுந்தின் முன்னோ பின்னோ எவரும் நிற்றல் கூடாது. பிந்திப் பற்றும் கிளட்ச் எதிர்பாராத கணத்தில் தானுந்தை நகர்த்திவிடும். தாமதத்துடன் எச்சரிக்கை விளக்கும் ஒளிர்ந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பழுது இனங்காணப்படும்வரை நெடுஞ்சாலைப் பயணத்தைத் தவிர்ப்பதே தக்கது.

இவற்றையும் பார்க்க

- கியர்ப்பெட்டி
- கிளட்ச்
- முறுக்குவிசை
- தானியங்கிக் கியர்ப்பெட்டி
- உணரி